மாப்பிள்ளையின் ட்ரம்ஸ்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்று மூத்தவருக்குக் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் மைக்குகளை அடைத்துவிடுவது அவர் வழக்கம். ஒரு பொத்தானை அழுத்தினால் கேட்டுவிடும். ஆனால் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கிற புத்தி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. கூடப் பிறந்தவர்களின் பேச்சாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தம்பி கிடாரைக் கட்டிக்கொண்டு குலுங்குவதையும், தங்கை கண்ணைத் துடைத்துக்கொள்வதையும், ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை ஒரு குச்சியை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வதையும் சத்தமில்லாத படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் தங்கை கண்ணாடியைத் தட்டினாள். அவர் மைக்கைத் திறந்தார்.

"எப்படி இருந்துச்சு பெரியண்ணா?"

"பதிவாயிடுச்சும்மா."

"அது தெரியும். எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "மச்சான், நல்லா இருந்துச்சுன்னு சொல்றப்ப உங்க மூஞ்சி ஏன் பல்லு புடுங்கிட்டு வந்த மாதிரி இருக்கு?"

தம்பி மறுபடியும் சிரித்தான். மூத்தவரும் உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தார். பல்லவி முடிகிற இடத்தில் மாப்பிள்ளை தாளத்தை முந்திக்கொண்டு ஓடியிருந்தார். கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே ஓடியிருந்தார். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அந்தக் குழு அவர் உண்டாக்கியது. அப்பா காலமானபின் சும்மா கிடந்த மாடி அறையில், ஒவ்வொரு இயந்திரமாகக் கொண்டுவந்து அடுக்கி, வயர் மேல் வயர் இழுத்து, தம்பியையும் தங்கையையும் உட்காரவைத்து அவர் உண்டாக்கியது. முதல் ஆல்பத்தில் தோல் வாத்தியம் கிடையாது, கம்பி வாத்தியம் கிடையாது. சிந்தசைசரும் ட்ரம் மெஷினும் கம்ப்யூட்டரும்தான் எல்லாம். ஒரு துடிப்பு எங்கே விழவேண்டும் என்று அவர் முடிவு செய்தாரோ அங்கே விழும். மயிரிழை முன்னே போகாது, பின்னே போகாது. தம்பி ஒரு கீபோர்டில் கீழ் ஸ்தாயியைப் பார்த்துக்கொண்டான். தங்கை, அண்ணன் குறித்துக் கொடுத்த இடத்தில் மூச்சை எடுத்து, குறித்துக் கொடுத்த இடத்தில் விட்டாள். ஆளில்லாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ஓடுவதுபோல அவள் குரலுக்குப் பின்னால் இயந்திரங்கள் முனகிக்கொண்டிருந்தன. தனியாக இருப்பவர்கள் அதை விரும்பிக் கேட்டார்கள். எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். ஒரு பத்திரிகைக்காரர், பிசிறே இல்லாத இசை என்று எழுதினார். மூத்தவருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஏனென்றால் அது அவர் அப்பாவைப் பற்றியும் ஊர் சொன்ன சொல். அப்பா நீதிமன்றத்தில் தட்டச்சர். பிழையுள்ள தாள் அவர் மேஜையை விட்டு வெளியே போனதில்லை. தவறிப்போன தாளை ஓரமாக எடுத்து வைக்கவும் மாட்டார். சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த தாளைச் செருகுவார். "தப்பு யாருக்கும் வரும்டா. அதை நாலு பேருக்குக் காட்டணும்னு என்ன தலையெழுத்து?" என்பார். அப்படிப்பட்டவரின் பிள்ளைகள் செய்கிற வேலையும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில் மூத்தவர் உறுதியாக இருந்தார்.

முதல் ஆல்பம் வந்தபின் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேடையில், மூன்றாவது பாட்டின் நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. எல்லா இயந்திரமும் அதைப் பார்த்து நடப்பவை. ஒன்று நின்றதும் அத்தனையும் வாயடைத்துப் போயின. அவ்வளவு பேர் முன்னால் மூத்தவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. குனிந்து வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். தங்கை மட்டும் பாடுவதை நிறுத்தவில்லை. வெறும் குரலாகப் போய்க்கொண்டிருந்தவளுக்குத் துணையாகப் பின்னாலிருந்து ஒரு ட்ரம்ஸ் ஓசை எழுந்தது. அடுத்து ஏறவேண்டிய குழுவின் ட்ரம்ஸ் அங்கே தயாராக இருந்தது. அதை வாசிக்கிறவர் யாரையும் கேட்காமல் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கிவிட்டார். தம்பி யாரிடமோ கிடாரை வாங்கிக்கொண்டான். பாட்டு ஓடியது, குதித்தது, தடுக்கியது, மறுபடி ஓடியது. கூட்டம் முதல்முறையாக எழுந்து நின்றது.

அந்த ட்ரம்ஸ்காரர்தான் இன்று மாப்பிள்ளை. பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அப்பா இடத்தில் நின்று தங்கையைக் கட்டிக்கொடுத்தவர் மூத்தவர். குடும்ப மானம் மேடையில் போக இருந்ததைக் காப்பாற்றிய மனிதர் என்ற நன்றி அவருக்கு எப்போதும் உண்டு. அந்த நாளைப் பற்றி யாராவது பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

தங்கையோ அதைப் பற்றி மட்டுமே பேசினாள். "அன்னிக்குத்தான் பெரியண்ணா நான் பாடினேன். அதுக்கு முன்னாடியெல்லாம் பாடம் ஒப்பிச்சேன்."

இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "ராக்காப் பண்ணலாம். கிடார், ட்ரம்ஸ், ஒரே அறையில எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறது. மேடையில நாம மூணு பேரும் வங்கி கவுண்டர்ல நிக்கிற மாதிரி நின்னது போதும்."

"நான் காசாளர்," என்றான் தம்பி. "பெரியண்ணா மேனேஜர். ஒருத்தர்கூட லோன் கேட்டு வரல."

மூத்தவர் சிரிக்கவில்லை. அப்படியானால் நான் என்ன செய்வது என்று கேட்க நினைத்தார். கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. தம்பி அதை முகத்தில் படித்துவிட்டான்.

"ரெக்கார்டிங் முழுக்க நீங்கதான் பெரியண்ணா. உங்க காது யாருக்கு வரும்?"

அதுதான் ஏற்பாடு. அறைக்கு நடுவே கண்ணாடி போட்டார்கள். இயந்திரங்கள் சுவரோரம் போய், மேலே துணி போர்த்திக்கொண்டன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். தாம் தொடங்கிய குழுவில் தமக்கு இனி இருப்பது இந்த நாற்காலி ஒன்றுதான் என்று மூத்தவருக்குத் தெரிந்தது. அதையாவது யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்யவேண்டும் என்று தீர்மானித்தார். இந்த ஆல்பத்தில் தமக்கு இடம் உண்டா இல்லையா என்பது அந்த வேலையைப் பொறுத்தது என்று நினைத்தார்.

ஆனால் மாப்பிள்ளை ஓடினார். ஒவ்வொரு பாட்டிலும் ஓடினார்.

காதுக்குள் மட்டும் கேட்கிற டிக்டிக் ஓசையை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லிப் பார்த்தார் மூத்தவர். மாப்பிள்ளை ஒரு பாட்டு பொறுத்துக்கொண்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "மச்சான், யாரோ பின்னாலேயே வந்து முதுகுல தட்டிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு. வேண்டாமே." மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னபின் மூத்தவர் எப்படி வற்புறுத்துவார்? தம்பியாக இருந்தால் ஒரு அதட்டல் போதும். தங்கையாக இருந்தால் ஒரு பார்வை போதும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டு ஆளாக நின்றுகொண்டு, அவள் புருஷனை அவள் எதிரிலேயே, நீங்கள் வாசிப்பது சரியில்லை என்று சொல்வதா? அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பேச்சு எழுந்ததே இல்லை. எழவும் கூடாது.

பதிவு முடிந்தது. மாப்பிள்ளைக்கு வெளியூரில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பொருத்துகிற வேலை வந்தது. தம்பிக்கு மருந்துக்கடை. தங்கை அவள் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அல்லாடினாள். மாப்பிள்ளை திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்டுப் பார்த்துவிட்டு, பாட்டுக்கான குரலை அவள் புதிதாகப் பாடிவிடுவாள் என்பது பேச்சு. அதுவரை மூத்தவர் பதிவானதையெல்லாம் கோத்து ஒழுங்குபடுத்தவேண்டியது.

வீடு அமைதியாகக் கிடந்தது. கீழே நாலு அறைகளில் மூன்று பூட்டியிருந்தன. காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, வேலைக்குப் போகிறவரைப்போலப் படியேறி மாடிக்குப் போவார். பார்க்க ஆளில்லை என்று கசங்கிய சட்டையோடு உட்காருகிற ஆள் இல்லை அவர். மதியம் கீழே வந்து, முந்தின நாள் வைத்த குழம்பைச் சுடவைத்து நின்றபடியே சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைக்கிற சத்தம்தான் அந்த வீட்டில் பகலின் பெரிய சத்தம். தெருவில் யாராவது மணியடித்தால் அடுத்த வீட்டுக்குத்தான் இருக்கும்.

அப்படி ஒரு பகலில்தான் அதைத் தொடங்கினார். திரையில் ட்ரம்ஸின் ஒவ்வொரு அடியும் ஒரு முள்போல எழுந்து நின்றது. அடி விழவேண்டிய இடத்தில் மெல்லிய கோடு. முள் கோட்டில் இல்லை. முன்னால் தள்ளி நின்றது. ஒன்றைப் பிடித்து இழுத்துக் கோட்டில் நிறுத்தினார். கேட்டுப் பார்த்தார். அப்பாடா என்றிருந்தது. அடுத்ததை இழுத்தார்.

அந்த வேலையில் அவருக்கு ஈடு கிடையாது. ஒரு பாட்டு முழுவதும் இழுத்து நிறுத்தினார். கூட வாசித்த கிடாரும் தள்ளிப்போயிருக்கும் அல்லவா, அதையும் வெட்டி வெட்டி நகர்த்தி ஒட்டினார். ஒட்டு தெரியவில்லை. அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. பல நாட்களாக இல்லாத பசி எடுத்தது. முணுமுணுத்துக்கொண்டே தட்டைக் கழுவினார். மாப்பிள்ளையை முகத்துக்கு நேராக ஒரு சொல் சொல்லவேண்டியதில்லை; அவர் மனம் கோணாது; ஆல்பமும் பிசிறில்லாமல் வெளியே போகும். மூத்தவன் என்று ஒருவன் இருப்பது இதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபின் ஒன்று பாக்கி இருந்தது. பழைய பதிவுகள், மாப்பிள்ளை வாசித்தது வாசித்தபடியே, கம்ப்யூட்டரில் கிடந்தன. என்றைக்காவது யாராவது திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? மாப்பிள்ளையின் கோணல் அப்பட்டமாகத் தெரியும். மச்சான் திருத்தினார் என்பதும் தெரியும். அது அவருக்குத் தலைகுனிவு. மூத்தவர் யோசிக்கக்கூட இல்லை. அப்பா தாளைக் கிழிப்பதுபோல ஒவ்வொன்றாக அழித்தார். நகல் வைத்திருந்ததையும் தேடி அழித்தார்.

மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாடியில் கூடினார்கள். மூத்தவர் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, காபி கலந்து வைத்திருந்தார். ஸ்பீக்கரில் முதல் பாட்டைப் போட்டார்.

பாதிப் பாட்டில் தம்பி புருவத்தைச் சுருக்கினான். மாப்பிள்ளை குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் விரல்கள் தொடையில் தாளம் போட்டன, பிறகு நின்றுவிட்டன. பாட்டு முடிந்தது.

"நான் இவ்வளவு நல்லா வாசிப்பேனா?" என்றான் தம்பி.

மாப்பிள்ளை, "சுத்தமா இருக்குங்க மச்சான்," என்றார். "ரொம்பச் சுத்தமா இருக்கு." காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கொண்டுவருகிறேன் என்று கீழே போனார். அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் டம்ளர் கழுவியதில்லை. கழுவ விட்டதும் இல்லை.

தங்கை எழுந்து மைக் முன்னால் போய் நின்றாள். மூத்தவர் பாட்டைப் போட்டார். பல்லவி முடிகிற இடத்தில் அவள் வாயைத் திறந்து, அப்படியே நின்றாள். மறுபடி போடச் சொன்னாள். இந்த முறை முன்னதாகவே பாடிவிட்டாள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அந்த இடம் வந்தது, போனது. அவள் பாடவே இல்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். "அவர் இங்க இல்ல."

"யாரும்மா?"

"இந்த எடத்துல அவர் என்னை இழுத்துக்கிட்டுப் போவார். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் மூச்சு எடுப்பேன். இப்ப இங்க யாருமே இல்ல. என்ன பண்ணீங்க பெரியண்ணா?"

"கொஞ்சம் நேராக்கினேன். அவ்வளவுதான். கேக்கறவங்க காதுக்கு..."

"எல்லாப் பாட்டையுமா?"

மூத்தவர் ஆமாம் என்று தலையாட்டினார். தம்பி தலையைக் கையில் ஏந்திக்கொண்டான். "பழசு இருக்குல்ல? அதைப் போடுங்க, போதும்."

"இல்லப்பா."

"இல்லன்னா?"

"அழிச்சுட்டேன்."

கீழே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மேலேவரை கேட்டது.

தங்கை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அவர் தப்பா வாசிச்சா மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"மாப்பிள்ளையை நான் எப்படிம்மா..."

"மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு நாற்காலி போட்டு உக்கார வச்சீங்க. கூட வாசிக்கற ஆளா ஒரு நாளாவது பாத்தீங்களா? சின்னண்ணனைத் திட்டறீங்க. என்னைத் திட்டறீங்க. அவரை மட்டும் திட்டல. எனக்கு அப்பவே தோணிருக்கணும்." அவள் பையை எடுத்துக்கொண்டாள். படியில் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் போகிற சத்தம் கேட்டது. கழுவிய டம்ளர் சமையல் மேடையில் கவிழ்ந்திருந்தது.

அதன்பின் யாரும் வரவில்லை. சண்டை என்று வெளியில் சொல்ல எதுவும் இல்லை. தம்பி மட்டும் போன் செய்தான். வேறு இடத்தில், ஒரு பழைய கூட்ட மண்டபத்தில், வேறொரு ஆளை வைத்துப் புதிதாகப் பதிவு செய்யப் போகிறார்கள் என்றான். "தங்கச்சி முடிவு பண்ணிட்டா. கோவம்னு இல்ல. நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தா மாப்பிள்ளைக்குக் கை வராதாம்."

"மாப்பிள்ளையே சொன்னாரா?"

"அவர் எங்க சொன்னார். அவரும் உங்களை மாதிரிதான், மரியாதைக்காரர்."

போனை வைத்தபின் மூத்தவர் மாடிக்குப் போனார். போர்த்திய துணிகளை எடுத்துவிட்டு இயந்திரங்களை ஓட்டிப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது, இந்த அறையில் தம்மைத் தவிர மூச்சுவிடுகிற ஜீவன் எதுவும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. அணைத்துவிட்டார். வானொலியைப் போட்டார். அதையும் அணைத்துவிட்டார்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்துக்குப் போனார். பல மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் லிஃப்டின் கதவு திறந்து கிடந்தது. பெட்டி மேலே எங்கோ நின்றது. குறுக்கே கட்டிய சங்கிலிக்கு அப்பால், பள்ளத்துக்குள் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். தலையும் தோளும் மட்டும் தரைமட்டத்துக்கு மேலே தெரிந்தன. முகத்தில் கிரீஸ்.

"மச்சானா? எந்த மாடிக்கா இருந்தாலும் படிதான் இன்னிக்கு."

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"பாருங்க. கழுத்துக்கு மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கேன்."

நின்றபடி பேசினால் மாப்பிள்ளையின் தலைக்கு மேலிருந்து பேசுவதுபோல் இருந்தது. மூத்தவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு பெண்மணி காய்கறிப் பையோடு அவரைத் தாண்டிப் படியேறினாள். அவர் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் முறிந்துவிடும்போல் வலித்தது. இப்போது இரண்டு முகமும் நேருக்கு நேர் இருந்தன.

"நீங்க ஓடறீங்க மாப்பிள்ளை," என்றார். "பல்லவி முடியிற எடத்துல. எல்லாப் பாட்டுலயும்."

மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார், அவசரமில்லாமல் துடைத்தார். "தெரியும் மச்சான்."

"தெரியுமா?"

"எனக்குத் தெரியாமயா? சின்னதுலேர்ந்தே அப்படித்தான். ஓடாம நிக்கணும்னு நெனச்சா கட்டை மாதிரி ஆயிடும். அவ கூட ஓடி வர்றா, அதனால விட்டுட்டேன். வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முயற்சி பண்ணியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கு அந்தப் பாட்டைக் கேட்டப்ப, செத்துப்போனவனுக்குப் பவுடர் போட்டுப் படுக்க வச்ச மாதிரி இருந்துச்சு. அதுவும் என்னையே."

மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. "அழிச்சிருக்கக் கூடாது," என்றார்.

"கூடாதுதான்," என்றார் மாப்பிள்ளை. பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிறகு, "மண்டபத்துக்கு வாங்க," என்றார். "ரெக்கார்டிங்குக்கு இல்ல. அதுக்கு ஆள் வச்சாச்சு. ஒரு பாட்டுல கீபோர்டு இருந்தா நல்லா இருக்கும். கையால வாசிக்கணும். கம்ப்யூட்டர் வேண்டாம்."

"ஒரு பாட்டுலயா?"

"ஒண்ணுலதான். மத்ததுல எடமில்ல."

அந்தச் சொல் உள்ளே போய்த் தைத்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மாப்பிள்ளை கிரீஸ் கையை நீட்டப் பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டையைக் கண்டு இழுத்துக்கொண்டார். மூத்தவர் கதவின் சட்டத்தைப் பிடித்துத் தாமாகவே எழுந்தார்.

போகவேண்டாம் என்று வீடுவரை தமக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். தாம் தொடங்கிய குழுவில், வேறு யாரோ பதிவு செய்ய, ஒற்றைப் பாட்டுக்கு ஒப்புக்குச் சப்பாணியாகப் போய் உட்காருவதா? ஆனால் பதிவு நாளன்று, ஒரு சின்னக் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

மண்டபம் பெரிது, ஓடு வேய்ந்தது, சன்னல்கள் உயரத்தில் இருந்தன. மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். நடுவில் ட்ரம்ஸ், அதைச் சுற்றி மற்றவர்கள். பதிவு செய்ய வந்தவர் சிறு வயதுப் பெண்; ஒரு மூலையில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். நடுவே கண்ணாடி எதுவும் இல்லை. தங்கை அவரைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடவில்லை. தம்பி ஒரு நாற்காலியை விரித்துப் போட்டான்.

பாட்டு தொடங்கியது. ட்ரம்ஸ் இவ்வளவு பக்கத்தில் இருந்து அவர் கேட்டதில்லை. அடி ஒவ்வொன்றும் நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே வாசித்தார். ஒன்று இரண்டு மூன்று நான்கு. சரியாகத்தான் வாசித்தார். பல்லவி முடிகிற இடத்தில் மூன்று பேரும் அவரை விட்டுவிட்டு எங்கோ போனார்கள். அவர் மட்டும் எண்ணிக்கையோடு நின்றார்.

மாப்பிள்ளை கையை நிறுத்தினார். எல்லாம் நின்றது.

"மச்சான், பின்தங்கறீங்க."

தம்பி கிடாரின் முறுக்காணியைக் கவனமாகத் திருகினான். மூலையில் இருந்த பெண் தலையைத் தூக்கினாள். மூத்தவருக்குக் காது இரண்டும் சுட்டன. தம்மைவிடச் சிறியவர் ஒருவர், நாலு பேர் நடுவில், அந்நியப் பெண்ணின் எதிரில், அப்படி ஒரு சொல்லை அவரிடம் சொன்னதில்லை. அப்பாவுக்குப் பிறகு யாருமே சொன்னதில்லை. கீபோர்டின் பை காலடியில் திறந்து கிடந்தது. மடக்கி எடுத்துக்கொண்டு கிளம்ப ஒரு நொடி ஆகாது. தங்கை மைக்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த எடத்துல?" என்று கேட்டார்.

"பல்லவி முடியிற எடத்துல. நீங்க எண்ணிக்கிட்டு இருக்கீங்க. எண்ணாதீங்க. இவ தோளைப் பாருங்க. மூச்சு எடுக்கறப்ப தூக்குவா."

மறுபடி வாசித்தார்கள். தங்கையின் தோளைப் பார்த்தார். அவள் பாடுகிறபோது தோள் உயர்வதை இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லை, திரையைத்தான் பார்த்திருந்தார். தோள் உயர்ந்தது. கை போவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

"இன்னும் பின்னாடி," என்றார் மாப்பிள்ளை.

மூன்றாம் முறை, "வரல மச்சான்."

நான்காம் முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டு கடைசிவரை போய் முடிந்தது. ட்ரம்ஸ் தட்டுகளின் அதிர்வு ஓட்டுக்கூரையில் சுற்றிச் சுற்றி அடங்கியது. தம்பி கிடாரைச் சாய்த்து வைத்தான். தங்கை தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

மூத்தவர் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தாம் சரியாக வாசித்துவிட்டோமா, அல்லது பாவம் பெரியவர் என்று விட்டுவிட்டார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இப்படிப்பட்ட மௌனத்தைப் பிறருக்குக் கொடுத்துப் பழகியவர் அவர்; வாங்கி உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் கண்டார். கூட நான்கு பேர் இருந்த மண்டபத்தில் மாடி அறையைவிடத் தனிமையாக இருந்தது.

"மாப்பிள்ளை," என்றார்.

"சொல்லுங்க."

"சரியா வந்துச்சா? இல்ல, மரியாதைக்கு விட்டுட்டீங்களா?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் பாட்டிலை மூடிக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல நின்றாள். அவர் குச்சியால் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"வரல," என்றார். "மண்டபத்துக்காரர் சாவி வாங்க வந்துடுவார்னு விட்டேன்."

மூத்தவர் நாற்காலியைத் தங்கையின் பக்கமாக, அவள் தோள் நன்றாகத் தெரியும்படி, இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர் வந்தா வெளிய உக்காரட்டும்," என்றார். "இன்னொரு தரம் ஆரம்பிங்க."